படம் பார்த்து விளக்கம் சொல்

கார்ட்டூனைக் கண்டால் நான் முதலில் சிரித்துவிடுவேன். புரிகிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். சுருளிப்பட்டி டீக்கடையில் பேப்பர் படிக்கிறவனுக்கு இந்த முன்னெச்சரிக்கை அவசியம். வெள்ளனே வரும் ஒரே பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து பெஞ்சு முழுக்கப் பரவும். முதல் தாள் யார் கைக்கு வருகிறதோ அவர்தான் அன்றைக்குப் பெரிய மனுஷன். அந்தத் தாளில் ஒரு மூலையில் கட்டம் கட்டி ஒரு படம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முகத்தை உம்மென்று வைத்திருந்தால் எதிர் பெஞ்சிலிருந்து, "என்னண்ணே, வெளங்கலையாக்கும்?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு இடமே கொடுக்கக் கூடாது. மூக்கு வழியாக ஒரு சின்னக் காற்று, தலையில் லேசாக ஓர் ஆட்டம், "நல்லாத்தான் போட்டிருக்கான்யா" என்று ஒரு வார்த்தை. சிரித்து முடித்த பிறகு சாவகாசமாகப் படத்தைப் பார்க்கலாம்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம், சிரித்தவனிடம்தான் அர்த்தம் கேட்பார்கள். இப்படித்தான் நான் எங்கள் ஊருக்குக் கார்ட்டூன் விளக்க அதிகாரி ஆனேன். கவாத்து எப்போது வெட்டலாம், எந்த மருந்து அடிக்கலாம் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. என் திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்கள் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் டெல்லியில் யாரோ ஒரு மந்திரி ஏன் கயிற்றின் மேல் நடக்கிறார் என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

இந்த உத்தியோகத்தில் பாதி வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. ஒரு காலத்தில் அது சுலபமாக இருந்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் என்றால் எம்.ஜி.ஆர். கறுப்புக் கண்ணாடியும் துண்டும் என்றால் கலைஞர். கறுப்பு வெள்ளைப் பேப்பரில் அந்தத் துண்டு மஞ்சளாகவே தெரிந்தது. அது ஓவியர் கைவண்ணமா, நம் கண் வண்ணமா என்று யோசித்ததில்லை. இந்திரா காந்திக்கு மூக்கும், முன்மயிரில் ஒரு வெள்ளைக் கீற்றும். காந்திக்கு ஆளே தேவையில்லை, வட்டக் கண்ணாடி போதும். இன்றைக்கு அரசியலுக்கு வருகிறவர்கள் கார்ட்டூன் போடுகிறவர்மேல் இரக்கமே இல்லாமல் வருகிறார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி சாயம் அடித்த முடி. வேறு வழியில்லாமல் ஓவியர் சட்டைப் பையிலோ வயிற்றிலோ பெயரை எழுதிவிடுகிறார். எனக்கு இது ரொம்பச் சௌகரியம். பலூன் மேல் 'விலைவாசி', மூட்டை மேல் 'கடன்', முதலை மேல் 'கமிஷன்' என்று எழுதியிருந்தால் விளக்க அதிகாரிக்கு அன்றைக்கு அரை நாள் லீவு மாதிரி. எதுவுமே எழுதாமல் வெறும் படம் மட்டும் போடுகிற ஓவியர்கள் மகா கலைஞர்கள் என்று சொல்கிறார்கள். அவர்களை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஆர்.கே. லக்ஷ்மணின் சாமானியரை நினைத்துப் பொறாமைப்படுவேன். கட்டம் போட்ட கோட்டு, வேட்டி, வட்டக் கண்ணாடி, நாலு மயிர். 1951-லிருந்து 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் அரை நூற்றாண்டுக்கு மேல் எல்லா மந்திரிகளுக்கும் பக்கத்தில் நின்றார். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. அவரிடம் யாரும் "என்ன அர்த்தம்?" என்று கேட்டதும் இல்லை. புனே சிம்பயாசிஸ் வளாகத்தில் அவருக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்னென்ன கிடைக்கிறது பாருங்கள் என்று இதை என் மனைவி அவ்வப்போது எடுத்துச் சொல்வாள்.

மிச்சப் பாதி வேலை நேற்றைய செய்தியைத் தெரிந்து வைத்திருப்பது. கார்ட்டூன் புரிய நகைச்சுவை உணர்வு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் டீக்கடைக்கு வெளியே இருக்கிறவர்கள். நேற்றுச் சட்டசபையில் யார் வெளிநடப்புச் செய்தார், முந்தாநாள் யார் யாரைத் திட்டினார், அதற்கு முதல் நாள் இருவரும் எந்தக் கல்யாணத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், இது மூன்றும் தெரிந்தால் நாலாம் நாள் படம் தானாகச் சிரிக்கும். ஒன்று தெரியாவிட்டாலும் கோடு கோடாகத்தான் தெரியும். தினமணி முதல் பக்கத்தில் மதி வரைந்த 'அடடே' படங்களைத் தொகுத்துக் கிழக்கு பதிப்பகம் பல பாகங்களாகப் புத்தகம் போட்டது. ஆசையாகப் புரட்டினேன். பேப்பரில் பார்த்தபோது நானே முந்திச் சிரித்த படங்கள். இப்போது பக்கத்துக்குப் பக்கம், 'இவர் ஏன் இந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்?' என்று நின்று நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஓவியத்தில் குறையில்லை. கார்ட்டூன் எங்கள் பன்னீர் திராட்சை மாதிரி. பறித்த அன்றைக்கு ருசி, இரண்டு நாள் தள்ளினால் காம்பு விட்டு உதிர ஆரம்பித்துவிடும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். குறியீடு கொடுத்தார்களே தவிர, கூட ஒரு நாள் தாங்குவதற்கு வழி சொல்லவில்லை.

விளக்கம் சொல்லும் தொழிலை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். எனக்கு முன்னோடி பாரதியார். 1906-லிருந்து சென்னையிலும், பிறகு புதுச்சேரியிலுமாக 'இந்தியா' பத்திரிகையை நடத்தியபோது தமிழில் அரசியல் கார்ட்டூனை வாரா வாரம் கொண்டுவந்தவர் அவர்தான். படத்தைப் போட்டதோடு விட்டுவிடவில்லை. இது இன்னார், இது இன்னது, இதன் கருத்து இன்னது என்று கூடவே எழுத்திலும் விளக்கினார்கள். படங்களுக்கென்றே 'சித்ராவளி' என்று தனியாக ஒரு பத்திரிகை நடத்தவும் திட்டம் போட்டார்; வெளிவரவில்லை. அந்தப் படங்களையெல்லாம் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்று புத்தகமாக்கினார். நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து அவற்றைப் பார்க்கிற எனக்கு, படத்தைவிட விளக்கத்தின்மேல்தான் பக்தி. பாரதியே விளக்கியிருக்கிறார், நான் விளக்கினால் என்ன என்று டீக்கடையில் ஒருமுறை கேட்டேன். "அவர் வெள்ளைக்காரன்கிட்ட விளக்குனாருண்ணே. நீங்க எங்ககிட்டயில்ல வெளக்குறீங்க" என்றான் ஒரு பொடியன். அதற்கு மேல் நான் அந்த உதாரணத்தை எடுப்பதில்லை.

நான் விளக்குவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் பின்னணி. அதற்கு நேருவிலிருந்து ஆரம்பிப்பேன். பஞ்சாயத்துத் தேர்தல் பற்றிய கார்ட்டூனாக இருந்தாலும் நேருதான். நேரு காலத்தில் சங்கர் என்ற கார்ட்டூனிஸ்ட் இருந்தார், 1948-ல் 'சங்கர்ஸ் வீக்லி' தொடங்கினார், நேரு அவரிடம் "என்னையும் விட்டுவைக்காதே" என்று சொன்னார் என்பது வரைக்கும் வருவதற்குள் கேட்டவரின் டீ ஆறிப் போயிருக்கும். சிரிப்பு எப்போதோ எழுந்து தோட்டத்துக்குப் போயிருக்கும்.

அந்தச் சங்கர் ஒருநாள் என் வீட்டுக்குள்ளேயே வந்தார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற என் மகள் ஒரு படத்தைச் செல்போனில் காட்டி, "அப்பா, இதை ஏன் பாடப் புத்தகத்துல இருந்து எடுத்தாங்க?" என்றாள். நத்தை ஒன்று, அதன் மேல் 'அரசியல் சட்டம்', நத்தை மேல் சாட்டையோடு அம்பேத்கர், பின்னால் இன்னொரு சாட்டையோடு நேரு. வழக்கப்படி சிரிக்க ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். 1949-ல் சங்கர் போட்ட படம் அது. அரசியல் சட்டம் எழுதி முடிய இத்தனை நாளா என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த சமயம். அன்றைக்குப் பேப்பர் படித்தவன் தலைக்குள் அந்த அவசரம் இருந்தது; அவனுக்கு நத்தைதான் கண்ணில் பட்டது. என்.சி.இ.ஆர்.டி. அதை 11-ஆம் வகுப்பு அரசியல் பாடத்தில் சேர்த்தது. 2012 மே மாதம் திருமாவளவன் அதை மக்களவையில் எழுப்பினார். அம்பேத்கருக்குப் பின்னால் ஒருவர் சாட்டையை ஓங்குகிறார் என்பதுதான் இப்போது பார்க்கிறவர் கண்ணுக்கு முதலில் படுகிறது. அப்படிப் படாமல் இருக்க முடியுமா? சாட்டை பட்ட வரலாறு யாருடைய தலைக்குள் இருக்கிறதோ அவர் நத்தையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அரசாங்கம் படத்தை எடுத்தது. பாடநூல் ஆலோசகர்கள் சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் பதவி விலகினார்கள். ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் குழு போட்டார்கள். கையோடு கையாக, இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி லக்ஷ்மண் போட்ட படம் ஒன்று 12-ஆம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பது தெரிந்து தமிழ்நாட்டில் கலைஞர் உட்படப் பலரும் கொதித்தார்கள். அந்தப் படத்தில் நமது மாணவரை ஒன்றும் தெரியாதவராக்கியிருந்தார் லக்ஷ்மண். வடக்கே இருந்து பார்த்தவர்களுக்கு அது தமாஷ். 1965-ல் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊருக்கு எப்படித் தமாஷாகும்?

இதையெல்லாம் நான் மகளிடம் சொல்லி முடித்தபோது அவள் தூங்கவில்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன். "அப்ப வரைஞ்சவருக்கும் பாக்குறவருக்கும் நடுவுல எம்புட்டு வருஷம் ஓடியிருக்குன்னு சொல்லவும் ஒரு ஆளு வேணும், இல்லப்பா?" என்றாள். உத்தியோகத்துக்கு வாரிசு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இனி நம் வட்டாரத்து விஷயம். கார்ட்டூனிஸ்டுகள் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து வரைகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் அது எப்படிப் போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரியாது. கோட்டும் மீசையுமாக ஒரு வெள்ளைக்காரரை வரைந்தால் ஊர் உலகத்துக்கு அது கிழக்கிந்தியக் கம்பெனி, சுரண்டல், ராபர்ட் கிளைவ். எங்கள் ஆட்கள் அந்தப் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக் எங்கள் பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. 'வெள்ளைக்காரன் கொள்ளையடிக்கிறான்' என்று அந்தப் படத்துக்கு நான் விளக்கம் சொன்னால் எனக்குத்தான் டீ கிடைக்காது.

அதேபோல 142 என்ற எண். ஓவியர் ஒரு மூலையில் 142 என்று எழுதி, பக்கத்தில் ஒருவர் வியர்வையைத் துடைப்பதுபோலப் போட்டால், சென்னையில் படிக்கிறவர் அதைப் பெட்ரோல் விலை என்று நினைக்கலாம். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தெரியும். அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. 1979-ல் 136-க்கு இறக்கினார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 வரைக்கும் தேக்கலாம் என்றது. பேப்பரில் நாங்கள் தலைப்புச் செய்திக்கு முன்னால் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். இந்த ஒரு விஷயத்தில் என் விளக்கம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. நான் வாயைத் திறந்தால், "அடி கணக்குத் தப்பாச் சொல்றீங்கண்ணே" என்று திருத்துகிறார்கள்.

யானையும் அப்படித்தான். கார்ட்டூனில் யானை என்றால் மாயாவதி கட்சி, அல்லது வெட்டிச் செலவுத் திட்டம். எங்களுக்கு யானை என்றால் யானை. 2023 மே 27-ஆம் தேதி அரிக்கொம்பன் கம்பம் வீதியிலேயே நடந்து வந்தது. சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட யானை மலையிறங்கி வந்துவிட்டது. 144 தடை போட்டார்கள். 144 யானைக்கா நமக்கா என்று செல்லில் மீம் வந்தது. மீம் போட்டவர்கள் எல்லாம் யானை இல்லாத ஊர்க்காரர்கள். அது அடுத்த சில நாள் சுருளி அருவிப் பக்கத்துக் காட்டில்தான் திரிந்தது; அருவிக்கு யாரையும் விடவில்லை; நாங்கள் தோட்டத்துக்குப் போக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கம்பத்தில் யானை தள்ளி அடிபட்ட பெரியவர் ஒருவர் இறந்தும் போனார். ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் அந்த யானைக்கு ரசிகர்களே உண்டு. இந்தப் பக்கம் மீம் வந்த அந்த வாரம் டீக்கடையில் நான்கூட முந்திச் சிரிக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஒரு ஜோக் பிறர் யாருக்கும் வேண்டாத அளவு ஒரு சிலருக்குப் புரிந்துவிட்ட கதையும் உண்டு. 1987 மார்ச் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. பொதுக்கூட்ட மேடையில் இரண்டு பேர், இவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஒருவரைப் பிக்பாக்கெட்டோடும் மற்றவரைக் கொள்ளைக்காரரோடும் ஒப்பிட்டு அடையாளம் சொல்கிறார் இன்னொருவர். எந்த மாநிலம், எந்தக் கட்சி என்று எதுவும் இல்லை. தொப்பி, கண்ணாடி, துண்டு என்று ஓர் அடையாளமும் இல்லை. வயிற்றில் பெயர் எழுதவில்லை. என் மாதிரி விளக்க அதிகாரிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடையாது. ஆனால் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு உடனே புரிந்துவிட்டது. பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன், முதல்வர் எம்.ஜி.ஆர். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4-ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் பத்திரிகைகள் கொந்தளித்ததில் ஓரிரு நாளில் விடுதலை. அவர் விடவில்லை, வழக்குப் போட்டார்; 1994-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை செல்லாது என்று சொல்லி 1,000 ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார் என்று சொல்வார்கள். ஒரு அட்டைப்பட ஜோக்குக்கு இதைவிடப் பெரிய விளக்கக் கூட்டம் உலகத்தில் நடந்திருக்காது. 38 வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில் அதே விகடன் குழுமம் தன் இணைய இதழில் டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு படம் போட, அதன் இணையதளமே முடங்கியது. அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் இணைய இதழ் என்றால் என்ன என்றே தெரியாத எங்கள் பெஞ்சுக்காரர்கள் எல்லோர் செல்லுக்கும் அந்தப் படம் வந்து சேர்ந்திருந்தது. ஒருவர்கூட என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. தடை போட்டால் விளக்க உத்தியோகமே போய்விடும் போலிருக்கிறது.

இதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நன்றாகப் புரிந்தவன் சிரிப்பதில்லை. விகடனிலும் குமுதத்திலும் வரும் குடும்ப ஜோக்குகளை நான் விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வேன். கணவன் பாத்திரம் துலக்குவது, சம்பளக் கவரைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் காசு கேட்பது, மாமியார் வருகிறார் என்றதும் முகம் போகிற போக்கு, எல்லாமே பார்த்த மாத்திரத்தில் விளங்கும். ஒன்றுக்கும் சிரித்ததில்லை. பக்கத்தில் என் மனைவி வாய்விட்டுச் சிரிப்பாள். அந்த நேரத்தில் பேரவைத் தலைவர்மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபம் வரும்.

அந்த அனுதாபம் போன தீபாவளிக்கு முந்தின வாரம் முழுமை பெற்றது. என் மகள், உரக் கம்பெனி நோட்டீசின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு படம் போட்டாள். காய்ந்த திராட்சைப் பந்தல். அடியில் முழு மூக்கோடு ஒருவர் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு விரலைத் தூக்கியிருக்கிறார். சுற்றிலும் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆட்கள் தூங்குகிறார்கள். பந்தல் காலில் கட்டியிருந்த ஆடும் தூங்குகிறது. பெயர் இல்லை, எழுத்து இல்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைக்கும் வரைக்கும் சிரித்தாள். என் அம்மா, "ஆடு வெகு பொருத்தம்" என்றார். எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். "யாருன்னு படத்துல எழுதலையேப்பா. நீங்களா எதுக்கு எடுத்துக்கிறீங்க?" என்றாள். கடுங்காவல் விதிக்கலாம் என்றால் திங்கட்கிழமை மதுரைக்கு ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளை. அங்கே சாப்பாடே தண்டனைதான் என்கிறாள். ஆகவே தீர்ப்பை ஒத்திவைத்தேன்.

அதற்குள் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. திருப்பூரில் இருக்கிற மைத்துனன் ராத்திரியே போன் போட்டான்.

"மாமா, பாப்பா ஏதோ படம் போட்டிருக்கு. யாரு அது? நம்ம பழைய பிரசிடெண்டா?"

என்ன செய்வது, கேட்டவனுக்குச் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை. மூக்கைக் கவனி மாப்ள என்று ஆரம்பித்தேன். பந்தலில் காய் இல்லாததற்குப் பின்னணி சொன்னேன். விரல் தூக்கியிருப்பதன் பொருளைச் சொன்னேன். தூங்குகிறவர்கள் யார் யார் என்று பெயர் வாரியாகச் சொன்னேன். கார்ட்டூனில் ஆட்டை எதற்குப் போடுவார்கள் என்பதற்கு மரபு உண்டென்று சொல்லி, இடையில் நேருவுக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தேன். மைத்துனன் பொறுமையாக "ம்" கொட்டிக் கேட்டான்.

"அம்புட்டும் வெளங்குது மாமா" என்றான் கடைசியில். "இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?"